கணக்குப் புத்தகத்துக்குள் இருந்த கடதாசி

எங்கள் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைகளில் செய்தி வாசித்தவள் நான்தான். காலைக் கூட்டத்தில் தேவாரம் முடியும், நற்சிந்தனை முடியும், பிறகு அதிபர் தன் கைப்பட எழுதிய ஒரு கடதாசியை என்னிடம் நீட்டுவார். போன வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்தவை, வரும் வாரம் நடக்க இருப்பவை எல்லாம் அதில் இருக்கும். நான் படியில் ஏறி, தொண்டையைச் செருமி, வானொலியில் வாசிப்பவர்களைப் போல ஒரு குரலை வரவழைத்துக்கொண்டு வாசிப்பேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நீளம். அது ஏதாவது உருப்படியான வேலைக்குப் பயன்படட்டும் என்றுதான் அதிபர் அந்தப் பொறுப்பைத் தந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மூன்றாம் தவணையைப் பற்றி. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்துக்குக் கீழே, குடியேற்றத் திட்டத்து வயல்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். மூன்றாம் தவணை புரட்டாதியில் தொடங்கி மார்கழியில் முடியும். பாதித் தவணை மழையிலேயே போய்விடும். அந்த வருடத்துச் செய்திகளில் சில இன்னும் எனக்கு வரி தப்பாமல் நினைவிருக்கின்றன. விவசாயப் பாடத்துக்கு நாங்கள் நட்ட மரவள்ளியை யானை வந்து முழுக்கப் பிடுங்கித் தின்றது. வலைப்பந்தாட்டக் குழு முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போய்த் தோற்றுத் திரும்பியது. அதிபர் அதை 'எமது மாணவிகள் திறமையாக விளையாடினர்' என்று எழுதியிருந்தார். எத்தனை புள்ளியால் தோற்றார்கள் என்று எழுதவில்லை. கூரை ஒழுகியதால் ஒன்பதாம் வகுப்பை எங்கள் வகுப்போடு சேர்த்து இருத்தினார்கள். நாங்கள் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவர்கள். இந்தச் சத்தத்துக்குள் எப்படிப் படிக்கிறது என்று நான் வாய் கிழியச் சண்டை போட்டேன்.

என் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் சண்டை போடவில்லை. அவள் எந்தச் சத்தத்துக்குள்ளும் கணக்குச் செய்வாள். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லய வீடுகளை எரித்தபோது உடுத்த உடுப்போடு ஓடிவந்து, எங்கள் பக்கத்துக் காட்டோரத்தில் குடிசை போட்டுக்கொண்ட குடும்பங்களில் ஒன்று அவளுடையது. எங்களுடைய குடும்பமோ இங்கே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அவளுடைய அப்பா எங்கள் வயலில் கூலி வேலை செய்தார். இதை நாங்கள் இருவரும் வகுப்பில் ஒருநாளும் கதைத்ததில்லை. வந்த புதிதில் அவள் 'ஆமா' என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு மாதத்தில் அவள் எங்களைவிட நன்றாக 'ஓம்' சொல்லப் பழகிவிட்டாள்.

ஓடி வந்ததில் அவளுக்கு ஒரு வருடப் படிப்புப் போய்விட்டது. இந்த முறை பரீட்சை எழுதிச் சித்தியடைந்தால் மேலே படிக்க விடுவதாக அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். எழுதாவிட்டால் களை பிடுங்கப் போக வேண்டியதுதான். வீட்டில் அவளுக்குக் கீழே மூன்று பேர். "ஒருக்கா எழுதினாப் போதுமடி, நான் பாஸ் பண்ணிடுவன்," என்பாள். அது பெருமைக்குச் சொன்ன கதை இல்லை. எனக்குக் கேத்திர கணிதத்தை மண்ணில் தடியால் கீறிக் கீறிப் படிப்பித்தவளே அவள்தான். எனக்குக் கணக்கு என்றால் பயம்.

பரீட்சை மண்டபத்தில் காட்ட அடையாள அட்டை வேண்டும். எனக்கு அப்பா விடுமுறையிலேயே வவுனியாவுக்குக் கூட்டிப்போய் எடுத்துத் தந்துவிட்டார். எங்கள் வகுப்பில் ஐந்து பேரிடம் இல்லை. அவர்களில் அவளும் ஒருத்தி. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை நானே அந்தச் செய்தியை வாசித்தேன். வரும் வியாழக்கிழமை ஒட்டுசுட்டானுக்கு ஒரு அதிகாரி வருகிறார், அன்று ஒரு நாள் மட்டும், பரீட்சை எழுதுபவர்களுக்கு அந்த இடத்திலேயே அட்டை தருவார், படமும் அதிபர் ஒப்பமிட்ட படிவமும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் மூலப் பிரதியும் கொண்டுவர வேண்டும். அதற்கு அடுத்த செய்தியாக, அதே வியாழக்கிழமை எங்கள் பாடசாலையில் சரஸ்வதி பூசை என்றும் வாசித்தேன். எங்களுக்குத்தான் அது பெரிய நாள். அரசாங்கக் கந்தோர்களுக்கு அது வெறும் வியாழக்கிழமை. இரண்டும் ஒரே நாளில் வருவதில் என்ன வில்லங்கம் வரப்போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை அவள் தன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள். நாலாக மடித்து மடித்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த பழுப்புக் கடதாசி. லயம் எரிந்த அன்று அவளுடைய அம்மா அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடி வந்தாவாம். அதிபர் அதைப் பார்த்துப் படிவத்தில் ஒப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் இருந்தது துணிப்பை. வீட்டுக் கூரையும் ஒழுகும். என்னிடம் தகரப் பெட்டி இருந்தது.

"நீ வைச்சிரடி. உன்ர பெட்டிக்குள்ள நனையாது. நாளைக்குக் காலமை வாங்கிறன்," என்றாள்.

"தா, என்ர உயிரைப் போல வைச்சிருக்கிறன்," என்றேன். நான் அப்படித்தான், எதையும் பெரிதாக்கிச் சொல்லுவேன். கசங்காமல் இருக்கட்டும் என்று கணக்குப் புத்தகத்தின் நடுவில் அதை விரித்து வைத்தேன்.

அன்று பின்னேரம் கடைசிப் பாடத்துக்கு ரீச்சர் வந்து, எல்லோரும் பூசைக்குப் புத்தகம் வையுங்கோ என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு எந்தப் பாடம் கஷ்டமோ, அந்தப் புத்தகத்தைத்தான் சரஸ்வதிக்கு முன்னால் வைக்க வேண்டும். நான் பெட்டியைத் திறந்து, பழுப்பு உறை போட்ட கணக்குப் புத்தகத்தை எடுத்து ஓடிப்போய் முதல் ஆளாக வைத்தேன். கடதாசியின் நினைப்பே இல்லை. அதற்கு மேல் ஒவ்வொருவராக வைக்க வைக்கப் புத்தகங்கள் இடுப்பளவுக்கு உயர்ந்தன. ரீச்சர் தன்னுடைய சிவப்புப் பட்டுச்சேலையால் அந்த அடுக்கைப் போர்த்தி, முன்னால் கும்பம் வைத்து, விளக்கும் ஏற்றினார். இனி விசயதசமி காலைவரைக்கும் யாரும் தொடக் கூடாது. வீட்டில் ஒரு பத்திரிகைத் துண்டைக்கூட வாசிக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவன் வீட்டுவேலை செய்வதற்காக அடுக்கிலிருந்து புத்தகத்தை உருவி எடுத்தானாம், அந்த வருடம் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டானாம். அப்படிச் சொல்லி எங்களை வெருட்டி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை நான் பாவாடை தாவணியோடு, தலை நிறையப் பூவோடு போனேன். வரவேற்புரை என்னுடையது. அன்று வாசிக்கக் கூடாது என்பதால் அதை மூன்று நாளாகப் பாடமாக்கியிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் அவள் நின்றாள். வெள்ளைச் சீருடை தோய்த்து மினுக்கிப் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய அப்பா, யாரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியோடு நின்றார். வயலில் சாரத்தை மடித்துக்கட்டிய ஆளாகத்தான் நான் அவரைப் பார்த்திருக்கிறேன்.

"கடதாசியைத் தாடி. அப்பா வேலைக்குப் போகாமல் வந்து நிக்கிறார்," என்றாள்.

அப்போதுதான் எனக்குக் கடதாசியின் நினைப்பே வந்தது. ஐயோ கடவுளே! மண்டபத்துக்குள் சிவப்புப் பட்டும் விளக்கும் தெரிந்தன. அடுக்கின் அடியில் என் புத்தகம். ரீச்சரிடம் சொல்லியிருக்கலாம். அதிபரிடம் சொல்லியிருக்கலாம். ஏன், அவளிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்த நினைப்பு, அடுக்கைக் கலைத்து என் புத்தகத்தை உருவினால் எனக்குக் கணக்குப் போய்விடும் என்பதுதான். அவளுடைய பரீட்சை எனக்கு நினைவில் வரவில்லை, என்னுடையதுதான் வந்தது. அதை இன்றைக்கு எந்தச் சாக்கும் இல்லாமல் எழுதுகிறேன்.

"ஐயோ, வீட்டில அலுமாரிக்குள்ள வைச்சிட்டு வந்திட்டனடி," என்றேன். பொய் அவ்வளவு சுகமாக வாயில் வந்தது.

அவளுடைய முகம் சுருங்கிப் போனது. அப்பாதான் முன்னால் வந்தார். "பரவாயில்ல பாப்பா. நான் போய் அம்மாகிட்ட கேட்டு வாங்கிக்கிறேன். நீங்க போய் பூசையைப் பாருங்க," என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார்.

எங்கள் வீடு மூன்று மைல். வாய்க்கால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதைக் கடந்திருக்கிறார். அம்மா அலுமாரியில் இருந்த சேலைகளையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டுத் தேடினாவாம். அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா சன்னதம் ஆடினா.

"எங்கையடி வைச்சனி? அந்த மனுசன் முற்றத்தில மழைக்குள்ள நிண்டது எனக்குப் பார்க்கேலாமல் போச்சு. கதிரை போட்டனான், இருக்கேல்லை. 'ஈரமா இருக்கும்மா' எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார்."

"பிறகு தேடிப் பாக்கிறனம்மா," என்றேன். அது இரண்டாவது பொய்.

ஆனால் அது பின்னேரம். அதற்கு முன் முழுப் பூசையும் நடந்தது. நான் மேடையேறி வரவேற்புரை சொன்னேன், ஒரு சொல்லும் தப்பவில்லை. வாசலில் அவள் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றது மேடையிலிருந்து தெரிந்தது. மற்ற நாலு பேரும் தகப்பன்மாரோடு ஒட்டுசுட்டானுக்குப் போய்விட்டார்கள். பூசை முடிந்ததும் நான் ஒரு வாழையிலைத் துண்டில் கடலையும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா வந்ததும் தின்னட்டும் என்று அப்படியே மடித்து வைத்துக்கொண்டாள். எனக்கும் அந்த அடுக்குக்கும் இடையில் பத்து அடிதான் இருந்தது. மூன்று மணித்தியாலம் நான் அந்தப் பத்து அடியை நடக்காமல் இருந்தேன்.

அவளுடைய அப்பா மத்தியானம் தொப்பமாக நனைந்து திரும்பி வந்தார். "கிடைக்கலம்மா," என்று மகளிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார், நான் அந்தரப்படக் கூடாது என்று. பத்திரம் இல்லாமலே இருவரும் ஒட்டுசுட்டானுக்குப் போனார்கள். மூலப் பிரதி இல்லாமல் ஒன்றும் செய்யேலாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு அவருடைய ஜீப் போய்விட்டது.

மறுநாள் விசயதசமி. ரீச்சர் பட்டை விலக்கி, ஒவ்வொரு புத்தகத்திலும் சந்தனம் வைத்துத் தந்தார். நான் ஓடிப்போய் மூலையில் நின்று என் புத்தகத்தைத் திறந்தேன். கடதாசி பத்திரமாக இருந்தது. ஒரு ஓரம் மட்டும் புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த ஓரத்தில் சந்தனம் பட்டு மஞ்சளாகியிருந்தது. தாவணியால் துடைத்தேன், போகவில்லை. திங்கட்கிழமை அதை அவளிடம் கொடுத்து, "அலுமாரிக்குள்ள சேலைக்கு இடையில கிடந்ததடி," என்றேன். மூன்றாவது பொய். அவள் அந்த ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாலாக மடித்துப் பொலித்தீன் பைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுடைய அப்பா இரண்டு முறை வவுனியாவுக்குப் போனார். முதல் முறை, கிராம சேவகரின் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடிதம் எடுத்துக்கொண்டு போக வெளிக்கிட்டபோது கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன. ஓமந்தைக்கு இந்தப் பக்கம் வெள்ளம் வீதிக்கு மேலால் ஓடியது. ஒரு கிழமைக்கு மேல் பஸ் இல்லை. வெள்ளம் வடிந்து அவர் போய்ச் சேர்ந்தபோது, அட்டை வர ஆறு கிழமை செல்லும் என்றார்கள். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருந்தது. அதிபரைப் போய்க் கும்பிட்டார். அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டினம், நான் என்ன செய்ய என்றார் அதிபர். அவர் கெட்ட மனிதர் இல்லை. நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது.

பரீட்சைக்கு முந்திய திங்கட்கிழமை அதிபர் வழக்கம்போலக் கடதாசியை நீட்டினார். படியில் ஏறினேன். முதல் செய்தி, கிணறு இறைக்கும் சிரமதானம். இரண்டாவது, பரீட்சை நிலையம் பற்றிய அறிவித்தல். மூன்றாவதை வாசிக்க முன்பே என் கண் அதன் மேல் ஓடிவிட்டது. ஆனால் குரல் நிற்கவில்லை. பழகிய குரல், அது தன்பாட்டில் வாசித்தது.

'அடையாள அட்டை பெறுவதில் அசட்டையாக இருந்த மாணவி ஒருவர் இம்முறை பரீட்சைக்குத் தோற்ற முடியாத நிலைக்கு ஆளாகியுள்ளார். ஏனைய மாணவர்கள் இதனை ஒரு பாடமாகக் கொள்ள வேண்டும்.'

அசட்டையாக. அந்தச் சொல்லை நான் தெளிவாக உச்சரித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அவள் இரண்டாவது வரிசையில் நேராக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தபோது ரீச்சர் என் முதுகில் தட்டி, நல்லாய் வாசிச்சனீர் என்றார். அடுத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

நான் பரீட்சை எழுதினேன். கணக்கில் முக்கோணத்தைப் பற்றிய ஒரு பெரிய வினா வந்தது. அவள் மண்ணில் கீறிக் காட்டிய அதே முக்கோணம். என் கை தானாகக் கீறியது.

கணக்குப் பரீட்சைக்கு அடுத்த நாள் எங்கள் வயலில் களை பிடுங்கினார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் ஆட்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. வரம்பில் கேத்திலோடு நடந்து போனபோது, வரிசையில் கடைசியாகக் குனிந்து நின்றவள் நிமிர்ந்தாள். தலையில் சீலைத் துண்டு, முழங்கால்வரை சேறு. அவள்தான். மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக அவளிடம் போனேன். குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கணக்கு எப்பிடிப் போச்சு?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை."

"முக்கோணம் வந்துச்சா?"

"ஓம்."

"செஞ்சியா?"

"செய்தனான்."

அவள் சிரித்தாள். உண்மையாகவே சந்தோசப்பட்டுச் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேத்திலை வரம்பில் வைத்துவிட்டு, "அண்டைக்கு உன்ர கடதாசி அலுமாரிக்குள்ள இருக்கேல்லையடி," என்றேன்.

"தெரியும்," என்றாள். "அலுமாரிக்குள்ள ஏது சந்தனம்?"

பள்ளிக்கூடத்து 'ஓம்' எல்லாம் போய், அவள் தன்னுடைய வீட்டுப் பேச்சிலேயே பேசினாள். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நானே போய் எடுத்திருப்பேன். சரஸ்வதி என்னைக் கோவிச்சுக்க மாட்டா."

"பிறகேனடி நீ ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். அப்பா வவுனியாவுக்கு அலையுறப்பவும் அதான் நெனச்சேன். ஒவ்வொரு திங்கக்கிழமையும் நீ படியில ஏறுறப்ப, இன்னிக்கிச் சொல்லிடுவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன். கடைசித் திங்கக்கிழமையும்."

குவளையில் மிச்சம் இருந்ததை வரம்பில் ஊற்றிவிட்டு என்னிடம் நீட்டினாள். பிறகு வயலுக்குள் இறங்கி, விட்ட இடத்திலிருந்து குனிந்து களை பிடுங்கத் தொடங்கினாள்.